தன்னை மறந்த பசி

செயலின் தகுதியை நிய்யத்தே தீர்மானிக்கிறது என்னும் பாடத்தோடுதான் நம் மதரஸாக்களில் ஹதீஸ் கல்வி தொடங்குகிறது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் பெருந்தொகுப்பின் தலைவாயிலில் அந்த நபிமொழியையே வைத்தார்கள். கை செய்கிறது, உள்ளம் அதற்குச் சாட்சியாக நிற்கிறது, இரண்டும் கூடினால்தான் அதனை மனிதனின் செயல் என்கிறோம். அவ்வாறாயின், கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கையில் உள்ளம் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுமானால், அச்செயல் யாருடையது? அதன் பழி யாரைச் சாரும்?

ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றும் இவ்வினா, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதத்தில், இங்கே செம்பாக்கத்தில் ஒரு தாயின் வாயிலாக நம்மிடம் வந்தது. கல்லூரியில் பயிலும் வயதுடைய மகளைப் பற்றி அவர் கேட்டார்: "ஹள்ரத், மகள் நோன்பு வைத்திருந்தாள். பட்டப்பகலில் சமையற்கட்டில் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்திருக்கிறாள். கேட்டால், 'நான் தின்றதாகவே எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒருத்தி தின்பதைத் தூரத்தில் நின்று பார்த்தது போல இருந்தது' என்று அழுகிறாள். மற்ற நாள்களில் தட்டைத் தொடுவதே இல்லை, எலும்பும் தோலுமாகிவிட்டாள். இவள் பொய் சொல்கிறாளா? இந்த நோன்பு கூடுமா, கூடாதா?"

இக்கேள்விக்கு 'கூடும்', 'கூடாது' என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிட முடியாது. அதனுள் மருத்துவம் இருக்கிறது. மார்க்கச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் அடியில், மனிதன் என்பவன் யார் என்னும் பழைய தத்துவ வினாவும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மருத்துவர் கண்டவை

அந்தப் பெண் சொன்னதைப் பொய் என்று தள்ள மருத்துவ உலகம் இடந்தரவில்லை. தன் நினைவும் உணர்வும் உடலும் ஒன்றோடொன்று கோத்த நிலையிலிருந்து இழை பிரிந்து நிற்பதை மருத்துவர்கள் 'டிஸ்ஸோசியேஷன்' என்பர். தமிழில் நாம் அதனைத் 'தன்விலகல்' என்று வழங்கலாம். பாரிஸ் நகரின் பியேர் ஜானே என்னும் அறிஞர் 1889 ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதினார். இதில் மெல்லிய படியும் உண்டு, கடுமையான படியும் உண்டு. நூலில் ஆழ்ந்தவர் அழைத்த குரலைக் கேளாதிருப்பது மெல்லிய படி. தன் கையே தனக்கு அந்நியமாகத் தோன்றுவதும், செய்ததன் நினைவே இல்லாது போவதும் கடுமையான படி.

உணவைச் சார்ந்த மனநோய்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பட்டினியால் தன்னைத் தானே மெலியச் செய்யும் நோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயர், லண்டன் மருத்துவர் வில்லியம் கல் அவர்களால் 1870களில் வழங்கப்பட்டது. அளவின்றி உண்டு, பின் அதனை எவ்வாறேனும் வெளியேற்றத் துடிக்கும் நோய்க்கு 'புலிமியா நெர்வோசா' என ஜெரால்டு ரஸ்ஸல் 1979 இல் பெயரிட்டார். இவையும் தன்விலகலும் பல நோயாளிகளிடம் கைகோத்து வருவதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். மட்டுமீறி உண்டு வெளியேற்றுவோரிடம் இத்தொடர்பு மிகுதி என்பதும் அவர்கள் கண்டது.

தொடர்பு எவ்வாறு நேர்கிறது? மூன்று வழிகளைக் கூறுகின்றனர். முதலாவது, தப்பியோடும் வழி. ஹீதர்டன், பாமைஸ்டர் என்னும் இரு உளவியலார் 1991 இல் விளக்கியபடி, தன்னைப் பற்றிய எண்ணமே ஒருவருக்குத் தாங்கவொண்ணாத சுமையாகும்போது, உள்ளம் அச்சுமையிலிருந்து நழுவி, கண்முன் உள்ள கவளத்தில் மட்டும் ஒடுங்கிக்கொள்கிறது. அளவு, விளைவு, வெட்கம் யாவும் அப்போது மறைகின்றன. மயக்கம் தெளிந்தபின் அவை இருமடங்காகத் திரும்பி வருகின்றன.

இரண்டாவது, செவிடாகும் வழி. அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டா புரூக் அம்மையார், தம் நோயாளிகள் பலருக்குப் பசி எது, நிறைவு எது, சோர்வு எது என்று தம் உடலின் குரலை அறியும் ஆற்றலே மங்கியிருப்பதைக் கண்டார். 1978 இல் வெளியான அவரது நூலின் பெயர் 'பொற்கூண்டு' என்னும் பொருளுடையது. சிறுவயதில் வன்கொடுமைக்கோ பேரச்சத்திற்கோ உள்ளானவர் சிலர், உடலிலிருந்து விலகி நிற்பதையே காப்பரணாகக் கற்றுக்கொண்டுவிடுகின்றனர் என்பதும் மருத்துவர் கண்டதே. ஆனால் எல்லா நோயாளிக்கும் அப்படியொரு கடந்தகாலம் இருந்தே தீரும் என்று நாமாக முடிவுகட்டி, இல்லாத குற்றவாளியைத் தேடி வீட்டைக் கலைப்பது அறிவுடைமையாகாது.

மூன்றாவது, பட்டினியே செய்யும் வேலை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பர் முதல் ஓராண்டளவு, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 தொண்டர்களை ஆய்வுக்கு உட்படுத்தினார். நல்ல உடலும் உறுதியான மனமும் படைத்த இளைஞர்கள் அவர்கள். அந்த ஓராண்டில் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே தரப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. அதனோடு மனமும் மாறியது. நண்பரை விட்டு ஒதுங்கினர், சிரிப்பை மறந்தனர், இரவும் பகலும் உணவையே எண்ணினர். வயிறு காய்ந்தால் உள்ளமும் தன் இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே விலகல் பட்டினியை வளர்க்க, பட்டினி விலகலை வளர்க்க, இரண்டும் ஒரு சக்கரமாகச் சுழல்கின்றன.

நம் மண்ணிலும் உண்டு

இவையெல்லாம் மேல்நாட்டுச் செல்வர் வீட்டு நோய்கள்; நமக்கென்ன என்று எண்ணுவோர் உளர். 1995 இல் டெல்லி மருத்துவர்கள், உணவை மறுத்து, ஓயாது வாந்தியெடுத்து, உடல் இளைத்த ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். மேல்நாட்டுப் பாடநூல்களில் காணும் 'பருத்துவிடுவேன்' என்ற எண்ணக் குலைவு அவர்களிடம் இல்லை. ஆதலால் நோயை இனங்காண்பதே கடினமாயிற்று. அதே 1990களில் சென்னையில் சீனிவாசன், சுரேஷ் முதலான மனநல மருத்துவர்கள், நம் இளைஞரிடையே உணவையும் உடலையும் பற்றிய மனவேதனை புதிதாகத் தலையெடுப்பதைக் கண்டு, நம் மக்களுக்கு ஏற்ற வினாப்பட்டியல் ஒன்றை வகுத்து 1998 இல் வெளியிட்டனர். நோய் ஒன்றேயாயினும், அது ஊருக்கு ஊர் வேறு உடை உடுத்து வருகிறது என்பது இவற்றால் புலனாகும்.

செம்பாக்கத்தில் வாழும் நமக்கு இதை உணர்த்த ஓர் அடையாளம் அருகிலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928 இல் டாக்டர் சௌரி முத்து நிறுவினார். இப்பகுதியின் தலைமுறைகளுக்கு, பெண்பிள்ளை இளைத்தால் முதலில் எழும் ஐயம் 'எலும்புருக்கியோ?' என்பதே. அந்த ஐயம் தவறன்று, சோதித்தே ஆகவேண்டும். ஆனால் நுரையீரலில் பழுதில்லை என்று தெரிந்தபின்? ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் எலும்புருக்கி பற்றி 1689 இல் எழுதிய நூலிலேயே, இருமலும் காய்ச்சலும் இன்றி உருகிப்போன 18 வயதுப் பெண்ணொருத்தியைக் குறிப்பிட்டார். அவளைத் தின்ற நோய் நெஞ்சக்கூட்டில் இல்லை, துயரத்தில் இருக்கிறது என்று கண்டார். மூன்று நூற்றாண்டு கடந்தும், படச்சுருளில் ஒன்றும் தெரியவில்லையென்றால் 'திமிர்' என்று நாம் முடிவு செய்கிறோமே, அது நியாயமா?

யானைத்தீயும் பசுப்பசியும்

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பவள் வருகிறாள். விருச்சிக முனிவரின் சாபத்தால் பன்னிரண்டாண்டுகள் 'யானைத்தீ' என்னும் நோயால் வாடுகிறாள். எவ்வளவு உண்டாலும் அவள் வயிறு நிறைவதில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை தன் கையால் இட்ட உணவே அந்நோயைத் தணித்தது. அதனைச் சாபம் என்றார்களேயன்றி, அவளைத் தீனிக்காரி என்று காப்பியம் இகழவில்லை என்பது நோக்கத்தக்கது.

'புலிமியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு எருதின் பசி என்பது பொருள். அரபு மருத்துவர்கள் அதனை 'அல்ஜூஉல் பகரீ', அதாவது மாட்டுப்பசி என்றனர். இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' என்னும் மருத்துவ நூலில் இப்பெயரால் விவரிப்பது வியப்பான ஒரு நிலை: உறுப்புகள் பசித்துத் துடிக்கும், வயிறோ வேண்டாம் என்றிருக்கும். இன்றைய மருத்துவர் அச்சொல்லை வேறு நோய்க்குப் பயன்படுத்தினாலும், உடலுக்குள்ளேயே ஒரு பகுதியின் குரல் மறு பகுதிக்கு எட்டாதுபோகும் என்பதை அந்த மேதை அன்றே கண்டார்.

அதே இப்னு ஸீனாதான் தத்துவ உலகில் 'பறக்கும் மனிதன்' என்னும் உவமையையும் தந்தவர். வெளியில் மிதக்கும் ஒருவன், கண் மூடியிருக்கிறது, உறுப்புகள் ஒன்றையொன்று தொடவில்லை, எந்த உணர்வும் இல்லை. அப்போதும் அவன் 'நான் இருக்கிறேன்' என்பதை அறிவான். ஆகவே உயிர் உடலினின்றும் வேறு என்பது அவர் வாதம். மதரஸாக்களில் மன்திக்கும் ஹிக்மத்தும் பயின்றோர் இதனை வியந்து படித்திருப்பர். ஆனால் வாழ்வில் ஒருவர் உண்மையாகவே அந்தப் பறக்கும் மனிதராகிவிட்டால்? அந்தப் பெண் கூறியது அதுவேயன்றோ: தான் ஓரிடம், உடல் வேறிடம். உயிர் உடலன்று என்று நிறுவிய அதே இப்னு ஸீனா, வாழ்நாளெல்லாம் உடல்களுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் வேறு என்று அறிவது ஞானம். இரண்டும் பிரிந்து கிடப்பதோ நோய்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்குத் தம்மையே சான்றாக்கினார்கள். பக்தாது நிஜாமிய்யாவின் பேராசானாகப் புகழின் உச்சியில் இருந்தபோது, ஹிஜ்ரி 488 இல் (கி.பி. 1095), உலக மதிப்பும் மறுமைக் கவலையும் இருபுறமும் இழுக்க, அன்னாரின் நாவு கட்டுண்டது. பாடம் சொல்ல இயலவில்லை. பின்னர் உணவும் இறங்கவில்லை. ஒரு கவளமும் செரிக்கவில்லை. மருத்துவர்கள், இது உள்ளத்தில் விழுந்து அங்கிருந்து உடலுக்குப் பரவிய நோய் என்று கூறிக் கைவிட்டனர். இதனைத் தம் தன்வரலாற்று நூலில் இமாமவர்களே எழுதியிருக்கிறார்கள். இஸ்லாத்தின் ஆதாரம் என்னும் பொருளில் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' எனப் போற்றப்படும் ஒருவருக்கு வந்தது, நம் வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் மட்டும் ஈமானின் குறையாகிவிடுமா?

உறங்கியவர் பற்றிய சட்டம்

இனி, பழி யாருக்கு என்னும் வினா. நம் சட்ட வல்லுநர்கள் இதில் காட்டிய நுட்பம் பெரிது. ஹனஃபி உஸூல் நூல்களில், மனிதனின் பொறுப்பேற்கும் தகுதிக்குக் குறுக்கே வரும் தடைகளை இரு வகையாகப் பிரிப்பார்கள். மனிதனின் கையில் இல்லாதவை ஒரு வகை: இளமை, பித்து, மறதி, உறக்கம், மயக்கம், நோய் போன்றவை. அவனே தேடிக்கொள்பவை மறு வகை: போதை, விளையாட்டுப் பேச்சு, அறியாமை போன்றவை. தன்விலகல் என்னும் சொல் அந்த ஏடுகளில் இல்லை. ஆனால் மறதிக்கும் உறக்கத்துக்கும் மயக்கத்துக்கும் அருகில்தான் அதன் இருக்கை அமையும் என்பது நம் கருத்து.

நோன்பை மறந்து உண்டவரின் நோன்பு முறியாது. அல்லாஹ்வே அவருக்கு உணவளித்தான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் மொழிந்தார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் அவ்வாறே தீர்ப்பளிக்கின்றன. தன்னை மீறி வாந்தி வந்தவருக்கு நோன்பு முறியாது; வேண்டுமென்றே வரவழைத்தவருக்கு முறியும். வயிற்றில் நிகழ்வது ஒன்றே. உள்ளத்தில் நிகழ்ந்தது வேறாதலால் தீர்ப்பும் வேறாகிறது. அப்பெண்ணின் நிலை இவற்றுள் எதனோடு ஒக்கும் என்று தீர்ப்பளிப்பது, நோயின் விவரமறிந்த முஃப்தியின் பணி. இங்கு நாம் எடுத்துக்கொள்வது அதன் அடிப்படையை மட்டுமே.

அந்த அடிப்படைக்குள் இன்னொரு நுட்பமும் உண்டு. உறங்கித் தொழுகையைத் தவறவிட்டவருக்குப் பாவம் இல்லை. ஆனால் விழித்தவுடன் அதனை நிறைவேற்றும் கடமை இருக்கிறது. உறக்கத்தில் புரண்டு பிறர் பொருளை உடைத்தவருக்குக் குற்றம் இல்லை; ஆனால் ஈடு கொடுக்கும் பொறுப்பு இருக்கிறது. பழி நீங்கினால் பொறுப்பும் நீங்கிவிடும் என்று நம் இமாம்கள் கூறவில்லை. பழி உறங்கிய நேரத்தைப் பற்றியது. பொறுப்போ விழித்த நேரத்தைப் பற்றியது.

நம் வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. தன்னை மறந்த அந்த நேரத்துக்காக அப்பெண்ணை வையவோ, பொய்காரி எனவோ நமக்கு உரிமை இல்லை. அதே வேளையில், "நான் என்ன செய்வேன், அது நானல்ல" என்று அவளை அந்த இருளிலேயே விட்டுவிடுவதும் கருணையாகாது. விழித்திருக்கும் நேரத்தில் அவளுக்கு ஒரு கடமை உண்டு: தனக்கு நேர்வதை மறைக்காது சொல்வதும், மருத்துவத்துக்கு இணங்குவதும். நோயால் அந்தக் கடமையையும் ஆற்ற இயலாதபோது, அது வீட்டாரின் தோளுக்கு வருகிறது. குற்றம் சுமத்தாமலே பொறுப்பைக் கேட்கும் வழி ஒன்று உண்டு. குடும்பங்கள் கற்கவேண்டியது அந்த வழியையே.

நோன்பா, நோயா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். பசியைப் புகழ்ந்தது நம் ஞானமரபு அன்றோ? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே 'இஹ்யா'வில் வயிற்றின் இச்சையை ஒடுக்குவது பற்றித் தனி நூலொன்று அமைத்தார்களே? உண்மை. ஆனால் அதன் முடிவில் அவர்கள் வந்து நிற்கும் இடம் நடுநிலை: வயிற்றின் பாரமும் தெரியக்கூடாது, பசியின் வேதனையும் தெரியக்கூடாது என்பதே. இடைவிடாது நாளோடு நாள் சேர்த்து நோற்பதை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். நோயாளிக்குத் திருமறையே நோன்பிலிருந்து விலக்களித்திருக்கிறது.

நோன்பையும் நோயையும் பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் போதும். நோன்பு நிய்யத்தோடு தொடங்குகிறது. நோன்பாளி தன் பசியை அறிகிறார், அறிந்தே பொறுக்கிறார். நோயில் அந்த அறிவே இல்லை. பசி யாருடையதோ போல் கிடக்கிறது. நோன்புக்கு மக்ரிபு உண்டு. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் உண்டு. நோய்க்கு மக்ரிபு இல்லை. ரமளான் முடிந்தும் ஒரு பிள்ளை உண்ண மறுத்தால், 'நஃபிலான நோன்பு' என்று ஒவ்வொரு நாளும் காரணம் சொன்னால், அதைத் தக்வா என்று பூரித்துவிடாமல் முகத்தை உற்றுப் பார்ப்பது பெற்றோரின் கடன். ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும் என்பதையும் மறத்தல் ஆகாது. மனநோய்களுள் உயிரைக் குடிப்பவற்றில் அனோரெக்சியா முன்வரிசையில் நிற்கிறது.

ஒரே சஹனில்

ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் தம் தோழர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற வரலாறு நாம் அறிந்ததே. உணவு வைக்கப்பட்டது. அபூதர்தா (ரலி), தாம் நோன்பு என்றார்கள். நீர் உண்ணும்வரை நானும் உண்ணேன் என்று ஸல்மான் (ரலி) அமர்ந்துவிட்டார்கள், அவரும் உண்டார். இறைவனுக்கும், உம் உடலுக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்னும் அறிவுரை அதன் பின்னரே வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஸல்மானின் கூற்றை உண்மை என்று ஏற்றார்கள்.

இதில் முறை ஒன்று இருக்கிறது. முதலில் வாதம் வரவில்லை. உடன் அமர்தல் வந்தது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சை முறையும், இளம் நோயாளியின் உணவுப் பொறுப்பைப் பெற்றோரின் கையில் ஒப்படைத்து, குறைகூறாமல் அருகே அமர்ந்து ஊட்டச் சொல்கிறது. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மரபு நம்முடையது. அந்த வட்டத்தில் ஒருவர் கை ஓய்ந்திருப்பதை மற்றவர் காணாதிருக்க முடியாது. இன்று தனித்தனித் தட்டும் தனித்தனி அறையும் கையில் கைப்பேசியுமாக நாம் பிரிந்துவிட்டோம். பிள்ளை உடலை விட்டு விலகுவதற்கு முன்பே, நாம் பிள்ளையை விட்டு விலகியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நலம்.

எனினும், உடன் அமர்வது மட்டும் போதும் என்று மருத்துவத்தைத் தள்ளிவிடலாகாது. நெடும்பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவூட்டுவதே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். ஓதிப் பார்ப்பதைத் தடுப்பார் இல்லை. ஓதுவது மருத்துவத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே தவறு. கீழ்ப்பாக்கத்தில் 1794 ஆம் ஆண்டு வரை வரலாறு நீளும் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது. 'மனநல மருத்துவரிடம் போனால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா' என்னும் அச்சம் நாம் அறியாததன்று. மகள் இருந்தாலன்றோ மாப்பிள்ளை!

அந்தத் தாய்க்கு நாம் அன்று சொன்னது இவ்வளவே: "அம்மா, மகள் பொய் சொல்லவில்லை. நோன்பின் கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். களாச் செய்ய வாழ்நாள் இருக்கிறது. அந்த வாழ்நாளை முதலில் காப்பாற்றுங்கள். நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்றிரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்."

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை விட்டு ஓடுவதும் அமானிதத்துக்குப் பொருந்தாது. அதனைக் காக்க முடியாமல் தடுமாறுகிறவரை ஏசுவதும் பொருந்தாது. தன்னை மறந்து நிற்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, தட்டின் முன் திரும்ப அமரவைக்கும் பொறுமையை, வல்ல நாயன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக!